ஒரு கைக்கு மேலே இரண்டு கணு

கையில் முளைக்கீரைக் கட்டோடு செங்கம் சாலையில் அப்படியே நின்றுவிட்டாள் ரேணுகாம்பாள். "ஆட்டோ வேணுமாக்கா?" என்று ஒருவர் கேட்டது காதில் விழவில்லை. எதிர் வரிசை விடுதி வாசலில் யாரோ ராத்திரி முழுக்க நின்ற காரைக் கிளப்புகிறார்கள். அவளுடைய வலது கைப் பெருவிரல் தானாகவே சுட்டுவிரலின் அடிக்கணுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கணுவுக்கு ஒரு விநாடியாக ஏறிச் சுண்டுவிரல் வரை போய், பன்னிரண்டும் தீர்ந்து, மறுபடி சுட்டுவிரலில் தொடங்கி இன்னும் ஏழு. அதற்குள் எஞ்சினின் ஆரம்பக் கூச்சல் தணிந்து சீரானது. "பத்தொம்போது. சோம்பேறிக் கழுதை," என்று சத்தமாகவே சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். காருக்குள் இருந்தவர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

நாற்பத்திரண்டு வயது. பிறந்தது அடி அண்ணாமலையில், நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் எழுத்தராக இருக்கும் ராஜமாணிக்கத்துக்கு. வீட்டு மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள், ஒரு மின்விசிறி, காதில் மாட்டும் பெரிய ஹெட்போன். ஊரில் கேட்டால், "அந்தம்மா கம்ப்யூட்டர்லயே காரு ஓட்டுறாங்க" என்பார்கள். அது பாதி சரி. உலகத்திலேயே வேகமாக ஓடும் கார்களில் ஒன்றின் எஞ்சினைக் காலையில் எழுப்பிவிடுவதுதான் அவள் வேலை. எஞ்சின் இருப்பது ஐரோப்பாவில், குளிரூட்டிய ஒரு சோதனை அறையில். எட்டு சிலிண்டர். அது பூட்டப்படப் போகும் காரை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

எழுப்புவதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். கார் ஓடும்போது விடுகிற புகை பெரிய விஷயமே இல்லை, கிளம்புகிற அந்த முதல் சில விநாடிகளில்தான் அத்தனை நஞ்சும் வெளியே போகிறது. சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்ய ஒரு பெட்டி உண்டு. அது நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். சூடாகும்வரை வருவதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் பச்சைப் புகை. "அடுப்பு பத்தறதுக்கு முன்னாடி வீடு பூரா பொக மண்டும் பாருங்க, அதான்," என்பாள். பெட்டி சூடானதும் எஞ்சினின் கூச்சல் தணிந்துவிடும், அதுவரை ஆகும் விநாடிகளைத்தான் அவள் விரலில் எண்ணுகிறாள், அவற்றைத்தான் குறைக்க வேண்டும். தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, நெருப்பின் சூட்டைப் பெட்டிப் பக்கம் தள்ளிவிட வேண்டும். இதற்கான எண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பதினாறு வருடமாக அவற்றோடுதான் குடித்தனம்.

இந்த வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் கிளப்பிப் பார்க்க முடியும். ஒருமுறை ஓடிவிட்டால் மறுபடி முழுதாய்க் குளிர அரை நாளுக்கு மேல் ஆகும். அங்கே விடிகிற ஏழு மணி, இங்கே முற்பகல் பதினொன்றரை. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் காலையிலிருந்து காத்திருப்பாள். சாப்பாடு இறங்காது. போன் எடுக்க மாட்டாள். ஒருமுறை சோதனை அறைக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். அவருக்கு வேடிக்கை காட்ட அங்கிருந்தவன் பத்து நிமிஷம் முன்னாலேயே எஞ்சினை ஓட்டிக் காட்டிவிட்டான். அன்றைய நாள் போயே போச்சு. அன்று ரேணுகாம்பாள் இங்கே போட்ட கூச்சலில் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் வாளியை விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தாள்.

பச்சையம்மாள் வீட்டு வேலைக்கு வருகிறவள், பக்கத்துத் தெரு. எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கணக்கு தெரியும். தினமும் பன்னிரண்டு மணிக்கு மாடிப் படியில் தலையை நீட்டுவாள். "இன்னிக்கு எத்தினிம்மா?" என்பாள். ரேணுகாம்பாள் பேசாமல் கையை உயர்த்துவாள், பெருவிரல் எந்தக் கணுவில் நிற்கிறதோ அதுதான் பதில். ஒரு கைக்குள் முடிய வேண்டும், பன்னிரண்டு கணுவுக்குள், அதுதான் இலக்கு என்பது பச்சையம்மாளுக்குப் பாடம். "ரெண்டாவது சுத்து போயிடுச்சா? சனியன், நாளைக்குப் பாத்துக்கலாம் வுடு," என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள்.

ஒரு வருஷம் முன்பு சிவப்பு நிறத்தில் தரையோடு தரையாய் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ரமணாசிரமம் பகுதிக்கு வந்தது. தெருவே கூடிப் படம் எடுத்தது. ரேணுகாம்பாள் அன்று போகவில்லை. மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு அந்தக் கார் நின்ற விடுதி வாசலில் போய் நின்றாள். சொந்தக்காரர் சாவியோடு வந்தார். "போட்டோ எடுக்கணுமாங்க?" என்றார் பெருந்தன்மையாக. "வேணாங்க. ஏசி போடாம ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டர்ல காலு வெக்காதீங்க," என்றாள். மனிதர் மிரண்டுபோய்ச் சொன்னபடி செய்தார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள், தலையாட்டினாள், காரை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பினாள். அன்று பூரா நல்ல மனநிலையில் இருந்தாள் என்கிறார் ராஜமாணிக்கம். அந்தக் கார் இருபத்தொன்று எடுத்ததாம்.

ராஜமாணிக்கம் பாவம், நல்ல மனுஷர். போன பொங்கலுக்கு மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். வாங்குவதற்கு முன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது. அது சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நிற்பதும், அவர் திடீரென்று சமையலறையில் முளைப்பதும் அவளுக்கு ஆகவில்லை. "திருடன் மாதிரி வர்றீங்க. கேட்டாண்ட ரெண்டு ஆரன் அடிச்சிட்டு வாங்க," என்று உத்தரவு போட்டாள். இன்றுவரை அவர் தன் சொந்த வீட்டு வாசலில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

புகை விதிகள் மேல் அவளுக்குக் கோபமா என்றால், அதுதான் இல்லை. ஒவ்வொரு முறை விதி இறுகியபோதும் அவளுக்கு வேலை வந்தது. முப்பது விநாடியை இருபத்தைந்தாக்க ஆள் தேடினார்கள், இருபதாக்கத் தேடினார்கள். "கட்டுப்பாடு இல்லன்னா என்னிய எவன் கூப்புடுவான்? நான் இன்னேரம் மல்லாட்ட ஒடச்சிக்கினு இருப்பேன்," என்பாள் சிரித்துக்கொண்டே. பௌர்ணமி கழிந்த விடியலில் மொட்டை மாடிக்குப் போவாள். கிரிவலம் முடித்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். மலையின் பாதி உயரத்துக்குப் புகை நிற்கும். "நான் வருஷம் பூரா புடிக்கிற புகை, இதுல ஒரு சிட்டிகை தேறாது," என்று சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

கடைசியாக வந்த விதிதான் கழுத்தைப் பிடித்தது. முன்பெல்லாம் இதமான அறையில் சோதித்தால் போதும். இப்போது எந்தச் சாலை, எந்தக் காலை, எவ்வளவு குளிர் என்றாலும் எஞ்சின் சுத்தமாக எழ வேண்டும். இதமான அறையில் அவள் எஞ்சின் பதினொரு கணுவில் எழுந்துவிடும். உறைகிற குளிரில் பத்தொன்பது. நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குளிரிலும் பன்னிரண்டுக்குள் வந்தால் இந்த எஞ்சின் பிழைக்கும், வராவிட்டால் அதோடு பெட்ரோல் எஞ்சினுக்கே முழுக்குப் போட்டுவிட்டு பேட்டரிக்குப் போய்விடுவார்கள். சென்னைக் கிளையில் இதற்காக, அவளையும் சேர்த்து, இருக்கும் பதினொரு பேருடைய வேலையும் அதோடு போகும். எட்டு மாதம். ஒரு நாளைக்கு ஒரு ஸ்டார்ட். பத்தொன்பது பதினேழாகி, பதினைந்தாகி, பதினான்கில் வந்து நின்றது. பதின்மூன்றுக்கு இறக்கிப் பார்த்தாள், மூன்றே வாரத்தில் சூடு தாங்காமல் புகைக்குழாய் விரிசல் விட்டுவிட்டது. திரும்பப் பதினான்கு. ஒரு கைக்கு மேலே இரண்டு கணு.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து சுரேஷ்குமார் கூப்பிட்டான். அவளை வேலைக்கு எடுத்தவனே அவன்தான், அந்தப் பதினொரு பேருக்கும் தலைவன். சுற்றி வளைத்துப் பேசினான். "ரேணு, சோதனை அறையில எப்பவும் ஒரே குளிர்தான? அந்த ஒரு குளிருக்கு மட்டும் பன்னெண்டு செட்டிங் போட்டுடுங்க. கொஞ்ச தடவைதான ஓடப்போவுது, குழாய் தாங்கும். மத்த குளிருக்கெல்லாம் பழைய செட்டிங். எஞ்சின் பாதுகாப்புக்குன்னு எழுதிக்கலாம்."

"சோதனை அறிக்கையில கீழ ஒரு வரி இருக்கே சுரேஷ். சோதனையில இருக்கறதுதான் ரோட்டுலயும் இருக்கும்னு. அதுல நான்தான கையெழுத்து போடணும்?"

"எல்லாரும் போடறதுதான் ரேணு."

மூன்று நாள் அவள் பதில் சொல்லவில்லை. செட்டிங்கைப் போட்டுக்கூடப் பார்த்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு எஞ்சின் பன்னிரண்டாவது கணுவில், சுண்டுவிரல் நுனியில், அழகாகச் சீரானது. எட்டு மாதமாக அவள் ஏங்கிய சத்தம். பச்சையம்மாள் தலையை நீட்டி, "எத்தினிம்மா?" என்றாள். கை காட்டியதும், "அடி சக்க! வந்துட்டானா ஒரு கைக்குள்ள!" என்று கையைத் தட்டினாள். கீழே போய்ச் சர்க்கரைப் பொங்கலே வைத்துவிட்டாள். ரேணுகாம்பாள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தை அப்படியே மூடிவைத்தாள்.

அன்று சாயங்காலமே சுரேஷ்குமாரைக் கூப்பிட்டாள். "பதினாலுன்னா பதினாலுதான் சுரேஷ். நான் பன்னெண்டுனு எழுத மாட்டேன்."

"உங்க பதினாலால பதினோரு பேரு வீட்டுக்குப் போறோம். அருள்ராஜுக்கு அடுத்த மாசம் கொழந்த பொறக்கப்போவுது, தெரியுமில்ல?" என்றான்.

"தெரியும்."

"அப்பறம் உங்க இஷ்டம்," என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவே இல்லை. பதினாறு வருஷப் பழக்கம்.

அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ராஜமாணிக்கத்துக்குக் கேட்டது, கேட்காத மாதிரி இருந்தார். பிறகு மெதுவாக, "பேட்டரி வண்டிக்கும் ஆளு வேணும்ல ரேணு? ஒன் படிப்புக்கு வேல கெடைக்காம போயிடுமா?" என்றார். "அது தூங்குறதே இல்லீங்க. அத எழுப்ப நான் எதுக்கு?" என்றாள். அவர் வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தார்.

சரியாகத்தான் செய்தோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, வரவில்லை. அருள்ராஜ் போன் செய்து, "பரவால்லக்கா, நானா இருந்தா போட்டிருப்பேன்," என்றான். அதைவிட அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அந்தப் பதினான்கும் சாதாரண எண் இல்லை, அந்த அளவு எஞ்சினைக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் எழுப்பியவர்கள் அவளுக்குத் தெரிந்து யாருமில்லை. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் பத்துப் பேர்தான், அவர்களில் மற்ற ஒன்பது பேரும் இப்போது அவளோடு பேசத் தயங்குகிறார்கள்.

நிறுவனத்திலிருந்து கடிதம் இரண்டு வரிதான் வந்தது. வெள்ளிக்கிழமையோடு சோதனை முடிகிறது. கடைசியாக ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டு எழுதினாள். சோதனை அறைக்காரன் மரியாதையாகவே பதில் போட்டான்: எஞ்சினை முதல் நாளே கழற்றி, எண்ணெய் வடித்துப் பெட்டியில் அடைத்துவிட்டார்களாம்.

திங்கட்கிழமை குளித்து, தலை வாரி, வழக்கம்போல மாடி அறையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு திரைகளையும் போட்டாள். ஒன்றில் சோதனை அறையின் கோடு அசையாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். பதினொன்றரை ஆனது. பதினொன்றே முக்காலும் ஆனது. கீழே வாசலில் இரண்டு முறை ஹாரன் கேட்டது, ராஜமாணிக்கம் அன்று சாப்பாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பச்சையம்மாள் படியில் தலையை நீட்டினாள். அவளிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

"இன்னிக்கு எத்தினிம்மா?"

ரேணுகாம்பாள் திரும்பாமலேயே கையை உயர்த்தினாள். பெருவிரல் எண்ணத் தொடங்காமல் சுட்டுவிரலின் அடிக்கணுவிலேயே இருந்தது.