மஸ்கிக்குக் கறுப்பா, சிவப்பா?

அந்தக் கோடையில் கனடா மச்சான் ஒரேயொரு நாளுக்குத்தான் படகு எடுத்திருந்தான். அந்த ஒரு நாளில் முரட்டு மஸ்கி மீனை மயக்கியாக வேண்டும்! கடையில் வாங்கிய இரண்டு போலி இரைகளையும் மச்சானிடம் போகும் பஸ்ஸில் மடியில் பரப்பி, அவற்றின் மயிர்க்குஞ்சங்களைக் கோதிக்கொண்டிருந்தேன். ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பும் ஒரேஞ்சும்.

பக்கத்து சீற்றில் ஓர் அம்மா. நெற்றியில் திருநீறு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் பெரிய கோட்.

"தம்பி, சடைக்குஞ்சம் எங்கை வாங்கினனீங்கள்? மகளின்ரை அரங்கேற்றத்துக்கு ஒண்டு குறையுது."

"அன்ரி, இது மீன் பிடிக்க!"

"மீனுக்குமோ அலங்காரம்?" என்று சிரித்தவர், சேலைக்கடையில் பார்ப்பதுபோல இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதை அன்ரி முதல் போட?"

"கறுப்பைப் போடுங்கோ. சிவப்பு எல்லாரும் போடுவினம், மீனுக்கு அலுத்திருக்கும்."

இறங்கும் நேரத்தில், "அப்ப சிவப்பு சும்மாதானே கிடக்கும்?" என்றார். அதிலிருந்த தூண்டில் முள்ளுகளைக் கழற்றிவிட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கறுப்பை மஸ்கி பாய்ந்து வந்து கவ்வியது. நான் குதித்த குதியில் படகே கவிழப் பார்த்தது. ஆனாலும் அந்த அம்மா மீனை நினைத்துச் சொன்னாரா, மகளின் சடையை நினைத்துச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.