கண்ணிமையில் பூசிய பவுடர்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஊர் வாயில் விழுகிற சொல்லையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிறவள் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில், எங்கள் பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் வாயைப் பார்த்துப் படித்ததுதான். அப்படிப் பொறுக்கியதில் இந்த ஒரு சொல்லை மட்டும் இப்போது யார் சொன்னாலும் எனக்குக் குமட்டுகிறது.

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் முப்பது வயதைத் தொடும்போதே கண்ணிமையில், மூக்கோரமாக, மஞ்சளாய் ஒரு திட்டு வரும். பயறு அளவு, சிலருக்கு அவரைக்கொட்டை அளவு. "கண்ணுல பொன்னு வெச்ச குடும்பம்" என்று அதற்கு ஒரு பெருமைப் பேச்சு. அந்தப் பொன் வெளியே போய்விடக் கூடாது என்று அத்தை மகன், மாமன் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். நான் வெளியிலிருந்து வந்தவள். கல்யாணம் ஆன புதிதில் அவர் தூங்கும்போது அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

நாற்பத்தொரு வயதில், கடையில் குத்துவிளக்கு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அவருடைய அண்ணனும் அந்த வயதில்தான் போனார். அப்போதும் "கண்ணுபட்டுப் போச்சு" என்றுதான் சொன்னார்கள்.

விஷயத்தை முதலில் உடைத்துச் சொன்னவர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளுக்குக் கம்பெனியில் ரத்தம் பார்த்ததில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் போனிலிருந்த அப்பா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் மலையாளம் கலந்து சொன்னார்: "சேச்சி, இது பொன்னொண்ணுமில்ல. கொழுப்பாணு. ரத்தத்துல போக வழியில்லாம இமையில வந்து நிக்குது. நெஞ்சுக் குழாயிலயும் இதுதான் நிக்கும்."

பிறவியிலேயே வருகிற கோளாறாம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். அப்படி வந்தால் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நெஞ்சடைப்பு வரலாம் என்றார். தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் மகள் நன்றாக இருப்பாள். வெளிநாட்டில் ஓர் ஊசி ஆராய்ச்சியில் இருக்கிறது. ஒரே தடவை ஏற்றினால் அது கல்லீரலுக்குப் போய் ஒரு மரபணுவைத் திருத்திவிடும். கொழுப்பு தானாகக் குறையும் என்றும் சொன்னார். "ஆனா இன்னும் சோதனையிலதான் இருக்கு. அதுவரைக்கும் மாத்திரை. குடும்பத்துல எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்க."

சொன்னேன். எல்லோரும் காதில் வாங்கியது ஊசியை மட்டும்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி வீடியோ வீடியோவாக வந்து விழுந்தது. ரத்தம் பார்த்தேன் என்று எழுத ஓர் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, தன் மகனுக்கு என் மகளைக் கேட்டாள். ஆரியசாலையில் அவர்களுக்கு மொத்தக் கடை. சின்ன வயதிலிருந்து என் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை அவன். முப்பதாகும் முன்பே இமையில் மஞ்சள் வந்துவிட்டது. என் மகளுக்கும் அவன்மேல் இஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தான் ரத்தம் பார்க்கட்டும். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

ஒரு வாரத்தில் நாத்தனார் போன் பண்ணினாள். "பார்த்தாச்சு மைனி, எல்லாம் நார்மல். இனி எந்தா? ஞாயித்துக்கெழம பூ வைக்க வாறோம்."

வந்தார்கள். மதியச் சாப்பாடு, இலை போட்டாயிற்று. அவன் முகம் என்னவோ மாதிரி இருந்தது. இமையிலிருந்த மஞ்சளைக் காணோம். சரி, வயதுப் பையன், அழகுக்கு எடுத்திருப்பான் என்று நினைத்தேன். அப்போது பார்த்து கரண்டு போயிற்று. திருவனந்தபுரத்து மீன மாத வேக்காடு சொல்ல வேண்டுமா? அவனுக்கு வேர்த்து வழிந்தது. இமையிலிருந்து பவுடர் கரைந்து வெள்ளைக் கோடாகக் கன்னத்தில் இறங்கி, சொட்டுச் சொட்டாக இலையிலிருந்த புளிசேரியில் விழுந்தது. அவன் துண்டை எடுத்துத் துடைத்தான். உள்ளே இரண்டு இமையிலும் மஞ்சளைச் சுட்டெடுத்த இடம், தோலுரித்த இறால் நிறத்தில், ஓரத்தில் நீர் கோத்துக்கொண்டு. 'வெளுக்கான் தேச்சது பாண்டாயி' என்று எதிர்க்கடைச் சேச்சி சொல்வாள், வெளுக்கப் பூசியது வெண்குஷ்டமாகப் போயிற்றாம்.

பரிமாறிக்கொண்டிருந்த மகள் சட்டுவத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தான், ரத்தம் பார்த்தீங்களா, இல்லியா?"

"பார்த்தாச்சுன்னு சொன்னேம்லா மோளே, நார்மலு," என்றாள் நாத்தனார்.

"அத்தை, நான் அத்தான்ட்ட கேட்டேன்."

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பார்த்தேன். உனக்குள்ளதைவிடக் கூடுதல்."

"எப்போ?"

"போன வருஷம்."

"மருந்து?"

"இல்ல. வீட்ல மாத்திரை அட்டை கெடந்தா... தங்கச்சியப் பொண்ணு பார்க்க வாறவங்க கண்ணுல படும்னு அம்மா சொன்னா."

ஒரு வருஷம்! அவன் மாமாக்கள் இரண்டு பேரும் எப்படிப் போனார்கள் என்று தெரிந்தும், ஒரு மாத்திரை அட்டைக்கு வெட்கப்பட்டுப் பெற்ற பிள்ளையை மருந்தில்லாமல் விட்டிருக்கிறாள்.

நாத்தனாருக்குக் கூச்சமே இல்லை. "அதுக்கு இப்ப என்னா? ஊசிதான் வருதே. ஒரு குத்து, பரம்பரையே சுத்தமாயிரும். அதுக்குள்ள ஒவ்வொருத்தரும் எழவு வீடு மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு..."

"அந்த ஊசி வந்தாலும் அத்தானோட கல்லீரலத்தான் திருத்தும், அத்தை. பொறக்கப் போற பிள்ளைக்குப் போறது போகத்தான் செய்யும். டாக்டர்ட்ட கேட்டுட்டேன்."

"பொறக்காத பிள்ளைக்கு இப்பமே ஒப்பாரியா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சும்மாவா சொன்னாங்க? நல்லா இருக்கட்டும்னுதானே மறைச்சேன்!"

"எட்டி, அந்தக் காலத்துல பொய் சொன்னவ மாப்பிள்ளைக்கு வயசக் கொறைச்சுச் சொன்னா. நீ சாவத்தானே கொறைச்சுச் சொல்லியிருக்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மகள் அழவில்லை. அவனைப் பார்த்து மட்டும் பேசினாள். "வியாதிக்காக இல்ல அத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டர்ட்ட போயிருக்கலாம். பிள்ளை வேண்டாம்னுகூட இருந்திருக்கலாம். எங்கப்பா எப்படிப் போனாங்கன்னு தெரிஞ்சும் நீங்க எங்கிட்ட வாயத் தொறக்கல. இனி என்னத்த நம்பி உங்ககூட வர?" பூத்தட்டை எடுத்து அத்தை மடிப்பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர்கள் பாயசம் வரைக்கும்கூட உட்காரவில்லை.

அடுத்த வாரமே சாலைக் கடைத்தெரு முழுக்கச் செய்தி. பெண்ணுக்கு இதயத்தில் கோளாறாம், அதனால் பையன் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், கடைசியில் அந்தச் சோற்றையும் எங்கள் இலையிலேயே தள்ளிவிட்டாள். மகள் ஒன்றும் மறுக்கவில்லை. தன் ரத்தப் பரிசோதனை முடிவைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். "எனக்கு இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். நீங்களும் பாருங்க" என்று மட்டும் எழுதினாள். இருபத்தெட்டுப் பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் நாத்தனார் எங்கள் இரண்டு பேரையும் குழுவிலிருந்து நீக்கினாள்.

பிறகு ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்யத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே குசுகுசுப்பு, திருட்டுச் சாமான் விசாரிக்கிற மாதிரி. நாலாவதாக வந்தது அவன் குரல். பின்னால் பஸ் இரைச்சல்.

"மாமி, அந்த டாக்டர் என்னைக்கு இருப்பாரு? வாட்ஸ்அப்ல அனுப்பாண்டாம். அம்மா பார்த்துருவா. வாயால சொல்லுங்க."

இருபத்தாறு வயது ஆம்பிளை. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் என்று சொன்னேன். பஸ் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.