சத்திரத்துக்கு அடித்த வெள்ளை

கீரமங்கலம் போகிற ரோட்டில், புளியமரத்துக்குப் பின்னால் இருந்த சத்திரத்தை யார்தான் சும்மா விட்டுவைத்தார்கள்? மன்னர் காலத்தில் ராமேஸ்வரத்துக்கு நடந்து போனவர்களுக்குச் சோறு போட்ட இடம். பிறகு பள்ளிக்கூடம். அப்புறம் ரேஷன் கிடங்கு. தேர்தல் வந்தால் ஓட்டுச்சாவடி, கொரோனா வந்தபோது கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. கடைசியில் வௌவால்தான்.

எல்லாத்துக்கும் கூட்டிப் பெருக்கியது சொர்ணவல்லி. அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாகச் சேர்ந்தவள். கஜா புயலில் வீடு போனதும் சத்திரத்துச் சமையல்கட்டிலேயே பாயை விரித்துவிட்டாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இந்த மாசி வரைக்கும்.

மாசியில்தான் பேச்சு கிளம்பியது, சத்திரத்தை இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறார்களாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அன்புமொழி டீச்சரிடம் பதறியடித்துக்கொண்டு ஓடினாள். டீச்சர் மனுப் போட்டார்.

"தொல்லியல் அதிகாரி பாக்க வாராருக்கா. பழங்காலத்துக் கட்டடம்னு அவர் எழுதிட்டா இடிக்க முடியாது. நீங்களும் இங்கிட்டே இருக்கலாம். கொஞ்சம் சுத்தமா வச்சிருங்க."

சுத்தம்! அந்த ஒரு வார்த்தை போதாதா நம்ம ஊருக்கு? பெரிய ஆள் வருகிறார் என்றால் முதலில் சுண்ணாம்பு வாளியைத் தேடுகிற ஊர் இது. மந்திரி வந்தால் ரோட்டோரக் கல்லுக்குக்கூட வெள்ளை அடிப்போம். சொர்ணவல்லி மட்டும் வேறென்ன கற்றிருப்பாள், பாவம்? கூடத்துச் சுவர் பூராவும் பழைய சித்திரங்கள், கடல் தாண்டுகிற அனுமார், பாலம் கட்டுகிற குரங்குகள். அவள் சமைத்த அடுப்புப் புகையில் பாதி கரியேறிக் கிடந்தன. தான் பண்ணிய அழுக்கை அதிகாரி பார்ப்பதா என்று அவளுக்கு மானம் போயிற்று. சுண்ணாம்பில் நீலம் கலந்து, விரல் வெந்து புண்ணாகிற வரைக்கும் அடித்தாள். ஒரு வால்கூட மிச்சமில்லை.

அதிகாரி வந்தார். கூடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"சித்திரம் இருக்குன்னு மனுவில எழுதியிருந்துச்சே, எங்கம்மா?"

"கரி புடிச்சு அசிங்கமாக் கெடந்துச்சுங்கய்யா. நீங்க வாரீங்கன்னு நல்லா அடிச்சு வச்சிருக்கேன்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் திட்டியிருந்தாலாவது தேவலை. ஓரத்தில் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தார். சுண்ணாம்போடு சேர்ந்து சித்திரமும் பொடியாக உதிர்ந்தது. "சித்திரத்த வச்சுத்தான் இடிக்கக் கூடாதுன்னு எழுத முடியும். இனிமே நான் என்னத்தம்மா எழுதுறது?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அடிப்பாவி, நானே கெடுத்துக்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சரும் கூடச் சேர்ந்து அழுதார். அழுது என்ன செய்ய?

பங்குனியில் ஜேசிபி வந்தது. சொர்ணவல்லி பாயையும் ரெண்டு பாத்திரத்தையும் தூக்கிப் புளியமரத்தடியில் வைத்தாள்.

"செவரு புதுசு மாதிரி இருக்கே, யாரு ஆத்தா அடிச்சது?" என்று டிரைவர் கேட்டான்.

விரல் புண் இன்னும் ஆறவில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, தெரியாது என்று தலையை ஆட்டினாள்.