ஜேபஸ் வாத்தியார் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட விதம்

ஜேபஸ் தோர்லி பிறவி முரடர் இல்லை. இரும்பைக் காய்ச்சி ஆணி அடித்துப் பிழைக்கிற ஊரில், ஆணி அடிக்கிறவனுக்கு மூன்றாவது மகன். நெஞ்சு பலமில்லாததால் உலைக்கு ஆகவில்லை, படிக்க அனுப்பினார்கள். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு வாத்தியாராக வந்த முதல் இரண்டு வருஷம் யார் மேலும் கை வைத்ததில்லை. அப்புறம்தான் லண்டனில் உட்கார்ந்துகொண்டு யாரோ விதி போட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள் அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு மட்டும்தான் பள்ளிக்குப் பணம். போன வருஷம் பதினொரு பேர் தவறினார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்று பள்ளியை நடத்தும் பாதிரியார் சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து வயதில், இருமிக்கொண்டு, வேறு என்ன வேலை பார்ப்பது?

விதி போட்டவனை அடிக்க முடியாது. அதனால் பிள்ளைகளை அடித்தார்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் மாட்டியவள் டேமர் ஹாட்செட். ஒன்பது வயது, அம்மாவோடு உலையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். வகுத்தலில் மீதியை எழுத மறந்துவிட்டாள். வலது கையில் பன்னிரண்டு அடி. கடைசி இரண்டும் விரல் முட்டியில் விழுந்தன.

மறுநாள் அவள் வரவில்லை. ஒரு தலை குறையக் கூடாதே என்று ஜேபஸ் அவள் வீட்டுக்கு ஓடினார். தாய் மெர்சி இரும்புக் கம்பி வாங்கப் போயிருந்தாள். பெண்ணைத் தரதரவென்று இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

கடைசியாக அவள் முறை வந்தது. வீங்கிய விரல்களில் பலப்பம் நிற்கவில்லை.

"ஏன் எழுதல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விடை தெரியுங்க ஐயா. நாப்பத்தேழு, மீதி மூணு."

"சரிதான். ஆனா எழுதிக் காட்டினாத்தான் கணக்கு. விதி அப்படி."

டேமர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தது. ஜேபஸ், தன் கையாலேயே ஒரு தலையைக் கெடுத்துக்கொண்டோமே என்று மட்டும்தான் நினைத்தார். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

கதவு உதைபட்டுத் திறந்தது. மெர்சி நின்றாள், கையில் சுத்தியலோடு.

"உலை ஆறிக் கெடக்குது, வாத்தியாரே. எம் பொண்ணு கையப் பாத்தீரா?"

"இரும்மா, ஐயா வந்திருக்காரு..."

"இருக்கட்டும். அவரும் பாக்கட்டும்."

தினம் ஆயிரம் ஆணி அடிக்கிற கை அது. ஜேபஸின் மணிக்கட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்து ஓங்கி அடித்தாள். முதல் அடியில் இரண்டு விரல் நொறுங்கின. அடுத்த அடியில் தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வந்தது. ஜேபஸ் தொண்டை கிழியக் கத்தினார், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வருகைப் பதிவேட்டில் ரத்தம் தெறித்தது. எழுபது பிள்ளைகளும் கைகட்டி, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுகூட எழவில்லை, அழவில்லை. அசைந்தால் இரட்டை அடி என்று பழக்கியவர் அவர்தான்.

மூன்றாம் வாரம் அறிக்கை வந்தது. பாதிரியார் வாசித்தார்: "ஒருத்தி தவிர அனைவரும் தேறினர். ஆசிரியர் தாக்கப்பட்டபோதும் எந்தப் பிள்ளையும் இடம்விட்டு அசையவில்லை. ஒழுங்கு மிகச் சிறப்பு."

"வேலை நிலைச்சுது, தோர்லி. பிள்ளைங்கள நல்லா வச்சிருக்கீங்க."

"என்னைக் கொன்னுருந்தாலும் அப்படியேதான் உக்காந்திருப்பாங்க" என்றார் ஜேபஸ்.

பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்து, பாதிரியார் தலையாட்டினார்.