ஸ்வெட்டர் மேல் கட்டிய கடிகாரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செத்துப் போனேன். ஒரு மணி நேரம்தான். ஆனால் அதற்குள் மஸ்கெலியாவில் பாதிப் பேருக்குச் சேதி போய்விட்டது!

எல்லாம் மகள் கொடுத்த கைக்கடிகாரத்தால் வந்த வினை. அவள் கொழும்பில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன மாசம் நான் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

“அடியில பச்சை லைட் இருக்கு பாருங்கப்பா. அது தோலுக்குள்ள போயிட்டு வரும். ரத்தம் ஓடுறதுக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் கூடும், குறையும். அதை வச்சு நாடியை எண்ணி என் போனுக்கு அனுப்பிரும். இதுல லைட் தனி, அதைப் பார்க்கிற கண் தனி, சிப்பு தனி. எல்லாத்தையும் ஒரே சிப்புல கொண்டு வர்றதுதான் எங்க வேலை.”

“வடை தின்னா காட்டிக் குடுத்துருமா?”

“காட்டாது. ஆனா தின்னக் கூடாது!”

ஞாயிறு கோயிலில் திருவிழாக் கமிட்டிக் கூட்டம். நல்ல குளிர். ஸ்வெட்டர் கைக்குள் ஒளிந்து கிடந்தால் புதுக் கடிகாரம் யார் கண்ணில் படும்? ஸ்வெட்டர் மேலேயே கட்டினேன். பழைய கடிகாரத்தை இருபது வருஷமாக அப்படித்தான் கட்டினேன்... நேரம் காட்ட அது என் தோலைக் கேட்டதில்லையே!

கோயில் என்பதால் போனையும் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். கொழும்பில் மகளின் திரையில் நாடி இல்லை — வெறும் கோடு. பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

கூட்டம் முடிந்து, வந்த வடையில் ஒன்றைக் கையில் எடுத்த நேரம், ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. அழுதுகொண்டே மனைவி. பின்னால் ஆட்டோக்காரர் செல்வம்.

“அண்ணே, உசுரோட இருக்கீங்களா?”

“இருக்காரு, இருக்காரு. கூட்டத்துலதான் தூங்கிட்டாரு” என்றார் கமிட்டித் தலைவர்.

மனைவி போனை நீட்டினாள். மறுமுனையில் மகள் விசும்பினாள். “ஊருக்கு வர ஹட்டன் பஸ்ஸுல ஏறிட்டேன்பா... ஏம்ப்பா போனை எடுக்கல?”

செல்வம்தான் கண்டுபிடித்தார். “அண்ணே, கம்பளிக்கு ஏது நாடி?”

இடது கையை நீட்டினேன். வலது கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. ஸ்வெட்டரை ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைத் தோலில் கட்டினார்.

“வந்துருச்சுப்பா! எழுபத்தெட்டு!” மகள் சிரித்தாள். அடுத்த நிமிஷமே பதறினாள். “ஐயோ, நூத்தி இருபதுக்கு ஏறுது! என்னப்பா பண்ணுது?”

“ஒண்ணுமில்லம்மா. உங்கம்மா என் வலது கையைப் பார்த்துட்டாங்க.”