ஸ்வர்ணாவின் ருபார்ப் பைகள்

ஸ்வர்ணாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா வந்து, இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்து, கிரீன் கார்டுக்கு மனுப்போட்டு அவர்களையும் வரவழைத்து முடிப்பதற்குள் வயது அறுபதைத் தொட்டுவிட்டது. அப்புறம் யார் வந்து பெண் பார்ப்பது?

பெரிய தம்பி பசுபதியின் நியூ ஜெர்சி வீட்டில் இருந்தாள். பின்பக்கம் அவள் வைத்த ருபார்ப் செடி முழ நீளத்துக்குச் சிவப்புத் தண்டு விடும். பல் கூசுகிற புளிப்பு. வெள்ளைக்காரர்கள் அதில் சர்க்கரையைக் கொட்டி இனிப்பு செய்வார்கள். இவள் காரசாரமாகத் தொக்கு போடுவாள்.

தண்டு வசந்தத்தில்தான் வரும் என்பதால் வருஷத்துக்கும் சேர்த்து உறைய வைப்பாள். இலை விஷம், அதை முதலில் வெட்டி எறிவாள். தண்டைக் கழுவித் துடைத்து, துண்டு போட்டு, தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைப்பாள். கல்லாக இறுகின பிறகுதான் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடுவாள். ஒருமுறை பசுபதியின் மனைவி விஷாகா அவசரத்தில் நேரே பையில் திணித்துவிட்டாள். எல்லாம் ஒரே பாறை! அதற்கு ஸ்வர்ணா ஒரு வாரம் பேசித் தீர்த்தாள். நாக்கு கொஞ்சம் நீளம்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஜூன் மாதம் விஷாகா குழைந்து வந்தாள்.

"அக்கா, ஒரு ஆறு மாசம் ரவுண்ட் ராக்ல வெங்கட் வீட்ல இருந்துட்டு வாங்களேன். உங்களுக்கும் ஒரு சேஞ்சா இருக்கும்."

ஸ்வர்ணா என்ன பச்சைக் குழந்தையா? கிளம்புமுன் ஃப்ரீசரின் கீழ்த்தட்டு முழுக்கப் பைகளை அடுக்கினாள். "யாரும் தொடாதீங்க. பொங்கலுக்கு நானே வந்து தொக்கு போடறேன்" என்றாள்.

டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக் ஊரில் சின்னத் தம்பி வெங்கட் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் போட்டு, "என் பையெல்லாம் இருக்காடா?" என்பாள். ருபார்பையா கேட்டாள்? அந்த வீட்டில் தன் இடத்தைக் கேட்டாள். "அப்படியே இருக்குக்கா" என்பான் பசுபதி. அந்த வாரத்துக்கு அது போதும்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பசுபதியும் விஷாகாவும் விமானத்தில் வந்தார்கள். பசுபதி பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை ஸ்வர்ணா முன்னால் வைத்துத் திறந்தான். உள்ளே அத்தனை பைகளும்.

"உனக்காக ஒண்ணு விடாம எடுத்துட்டு வந்துட்டேன்கா!"

"அக்கா மேல எவ்ளோ பாசம் பாருங்க!" என்று உருகினாள் வெங்கட்டின் மனைவி. பாசமாம், பாசம்! வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அது இதுதான்.

ஸ்வர்ணா பைகளைப் பார்த்தாள்.

"அப்போ பொங்கலுக்கு நான் அங்க வரலையா?"

"இல்லக்கா... இங்க குளிர் கம்மி. உன் முட்டிவலிக்கு நல்லது..." பசுபதி பெட்டியைப் பார்த்தே பேசினான்.

"உங்க ரூமை என் ஆபீஸா மாத்திட்டோம் அக்கா. சொல்லணும்னுதான் இருந்தோம்" என்றாள் விஷாகா.

"போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. இதை இத்தனை தூரம் சுமந்துட்டு வந்து சொல்லணுமா?"

கறிவேப்பிலையாவது குழம்பில் கிடந்த பிறகுதான் தூக்கி எறியப்படும் என்று ஸ்வர்ணா மனதுக்குள் பொருமினாள். பிறகு தானும் அப்படித்தானே கிடந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வழியில் பைகள் பாதி உருகிவிட்டிருந்தன. மறுபடி உறைய வைத்தால் கூழாகிவிடும். அன்றே எல்லாவற்றையும் வாணலியில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டுக் கிளறினாள். கிளறிக்கொண்டே அழுதாள். நெடி என்று பொய் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது விஷாகா சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, ரெண்டு பாட்டில் எங்களுக்குக் குடுங்களேன். உங்க கைப்பக்குவம் எனக்கு வராது."

கொடுத்தாள். விஷாகா பாட்டில்களைத் துணியில் பத்திரமாகச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். தொக்குக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது.