அகல டயருக்கு ஏற்ற ஸ்டியரிங்

1. வேலையில் சேர்ந்த நாள்

“மல்லாட்டை ஆயற கையி ஸ்பேனர் புடிக்குமா?”

திண்டிவனத்தில் இந்த ஷெட்டில் நான் சேர்ந்த அன்று வெல்டர் தயாளன் அண்ணன் கேட்டது இது. கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டதில் பொய் இல்லை. என் அம்மா இன்றும் வல்லம் பக்கத்துக் கொல்லைகளில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்கிறவர். லீவு நாட்களில் நானும் ஆய்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பிறகு விழுப்புரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது?

“புடிக்கும்ணா. மண்ணு ஒட்டாத வேலைன்னா இன்னும் நல்லாவே புடிக்கும்” என்றேன். சிரித்துவிட்டு மாஸ்க்கை இறக்கிக்கொண்டார்.

எங்கள் ஷெட்டில் கரும்பு டிரெய்லர் கட்டுவார்கள், லாரி சேஸிஸ் பலப்படுத்துவார்கள். ஓனர் முருகேசன் என்னை உட்காரவைத்த இடம் பில் போடும் கம்ப்யூட்டர்.

2. சிவப்பு வண்டி

கோட்டக்குப்பத்திலிருந்து பஷீர் பாய் ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே சீட். சிவப்பு நிறம். துபாயில் வேலை செய்து சேர்த்து, ஆசைப்பட்டு வாங்கியது. ஒல்லியான பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பெரிய ரிம்மும் அகலமான டயரும் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட்டத்தான் முடியவில்லை.

“பள்ளத்துல ஏறுனா ஸ்டியரிங் கைய ஒடிக்குதுங்க. நான் நேரா போறேன்றேன், அது வேற எங்கியோ போறேன்னுது. எங்க வூட்டுக்காரம்மா பாதி வழியில எறங்கி ஆட்டோ புடிச்சிப் போய்ட்டாங்க. ஒரே பேஜாரு.”

ஓனர் அதைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார். நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த முன்பக்கத்தை வரைந்தவரை நான் பார்த்ததில்லை, ஆனால் ஒரு கும்பிடு போடத் தோன்றியது. ஒரு துண்டு இரும்புகூட வீணாக இல்லை. ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டான ரேக்கை ரப்பரில் உட்காரவைத்து, ரோட்டின் அடி கைக்கு வராமல் தடுத்திருந்தார். ஒல்லிச் சக்கரத்துக்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்திருந்தார். பெரிய சக்கரம் வெளியே தள்ளி நிற்கிறது, அதனால் பள்ளத்தில் விழும் அடி நீளமான கடப்பாரையால் நெம்புவதுபோல் ரேக்கை நெம்புகிறது. ரப்பர் நசுங்கி ரேக்கே பக்கவாட்டில் நகர்கிறது. பாய் திருப்புவது ஒன்று, சக்கரம் திரும்புவது ஒன்று.

“சரி பண்ணலாம்ங்க” என்று வெளியே வந்து சொன்னேன்.

ஓனர் என்னைத் தனியாக அழைத்தார். “தா பாரும்மா. வாய உட்டுட்ட. இந்த வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா நீ ஷெட்டுல நில்லு, நான் குறுக்க வர மாட்டேன். ஓடலைன்னா பில்லு போட்டுக்கினு சும்மா இரு.”

3. பட்டை அடிப்பது

எங்கள் ஷெட்டில் எந்த வியாதிக்கும் ஒரே மருந்து உண்டு: பட்டை அடிப்பது. டிரெய்லர் சட்டம் விரிசல் விட்டால் மேலே ஓர் இரும்புப் பட்டையை வைத்துச் சுற்றி வெல்டு அடித்துவிடுவோம். கரும்பு லோடு தாங்கும். தயாளன் அண்ணன் காரின் ஸ்டியரிங் ஆர்மைக் கையில் எடுத்துப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பும் கை அதுதான்.

“இன்னாமா இது, முருங்கக்காயாட்டம் கீது! ரெண்டு பக்கமும் பட்டை அடிச்சி உட்டுர்றேன். ஆயுசுக்கும் ஒடையாது.”

“வேணாம்ணா. இது காய்ச்சி அடிச்ச இரும்பு. வெல்டு சூடு பட்டா, பட்டை நிக்கும். பக்கத்துல ஒடைஞ்சிரும்.”

“என் வெல்டு ஒடையுமா?”

“உங்க வெல்டு ஒடையாதுண்ணா. அதுக்குப் பக்கத்துல ஒடையும்.”

அவருக்குக் கோபம் வந்தது. வாதாடிப் பயனில்லை என்று ஸ்கிராப் குவியலிலிருந்து பழைய ஜீப் ஆர்ம் இரண்டைத் தேடி எடுத்தேன். “ஒண்ணுல பட்டை அடிங்க. ஒண்ண சும்மா உடுங்க. ரெண்டையும் நீங்களே அடிச்சிப் பாருங்க.”

வைஸில் மாட்டிச் சம்மட்டியால் அடித்தார். சும்மா விட்டது வளைந்தது. பட்டை அடித்தது, வெல்டை ஒட்டி, மரவள்ளிக்கிழங்குபோல் சட்டென்று முறிந்தது. ஷெட்டே வேடிக்கை பார்த்தது. அவர் முறிந்த துண்டைக் குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி. இத்த உட்ரு. எங்க சூடு வைக்கலாம்னு நீ கோடு போடு, அங்க வைக்கிறேன்” என்றார்.

இருபது வருஷமாகக் கையில் ஊறிய பழக்கத்தை ஓர் இரும்புத் துண்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் மனிதரை நான் கல்லூரியிலும் பார்த்ததில்லை.

ஆர்மை வெல்டு செய்யாமல், நல்ல ஸ்டீலில் கொஞ்சம் பருமனாகப் புதிதாகவே சென்னையில் கடைந்து வாங்கினோம். விரிசலில் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் தடவி, விரிசல் இல்லை என்று உறுதி செய்தேன். ரப்பருக்குப் பதில் அதைவிடக் கெட்டியான புஷ் போட்டோம். ரேக் உட்காரும் பிராக்கெட் மெல்லிய தகடு, அதற்கு மட்டும் முக்கோணத் தாங்கு தகடு வைத்து அண்ணன் வெல்டு அடித்தார். மீன் செதில் அடுக்கினாற்போல் இருந்தது. தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

4. வேகத்தடை

விழுப்புரம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். பாய் ஓட்டினார். எனக்கு கார் ஓட்டத் தெரியாது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

“மாஷா அல்லா! கல்லாட்டம் போவுது” என்றார். சர்வீஸ் ரோட்டில் இறங்கி வேகத்தடை ஏறினோம். வண்டி இடது பக்கம் வெடுக்கென்று இழுத்தது. இன்னொரு தடை. மறுபடியும் இடது.

“எவ்ளோ இழுக்குதுங்க?”

“எப்டிம்மா சொல்றது? கைக்குத் தெரியுது. வாய்ல சொல்ல வரல.”

அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள வழியில்லை. ஸ்டியரிங்கைச் செய்தது நான், அது பேசுவது இன்னொருவர் கையோடு.

ஷெட்டுக்கு வந்ததும் ஓனர் பில் போடும் மேசைப் பக்கம் திரும்பினார். என் நாற்காலியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றினேன். வண்டி நீளத்துக்குக் கொத்தனார் நூல் கட்டி, ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல ஏற்றி இறக்கினேன். வலது சக்கரம் நூலுக்கு நேராகவே ஏறியது. இடது சக்கரம் ஏற ஏற வெளியே திரும்பியது. ரேக்கின் இடது முனை நூலிழை அளவுக்கு உயரமாக இருந்தது; அதுதான் சக்கரத்தைத் திருப்புகிறது. வெல்டு ஆறும்போது பிராக்கெட்டை மேலே இழுத்திருக்கிறது. டிரெய்லரில் இவ்வளவு இழுப்பை யாரும் பார்க்கவே மாட்டார்கள். இந்தக் கார் பார்த்துவிட்டது.

தயாளன் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன். அவரே வந்து நூலைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். கிரைண்டரை எடுத்து அந்த அழகான வெல்டை அறுக்க ஆரம்பித்தார்.

“அண்ணா…”

“தள்ளும்மா, நெருப்பு மேல படும். அழகா இருந்தா மட்டும் ஆச்சா?”

இந்த முறை ரேக் இருக்கும் இடத்தில் கனமான இரும்புக் கம்பி ஒன்றை போல்ட் போட்டு முறுக்கி, பிராக்கெட் அசையாமல் பிடித்தேன். அவர் இடதில் கொஞ்சம், வலதில் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு அடித்தார். “ஜல்தி பண்ணுங்கய்யா” என்று ஓனர் கத்தியதை இருவருமே காதில் வாங்கவில்லை. கடைசியில் இரண்டு சக்கரமும் நூலை விட்டு விலகாமல் ஏறி இறங்கின.

பாய் அடுத்த முறை தன் மனைவியோடு வந்தார். இருவரும் விக்கிரவாண்டி டோல் கேட் வரை போய்த் திரும்பினார்கள். அந்த அம்மா கீழே இறங்கி என்னைப் பார்த்துச் சொன்னார்: “தூங்கிட்டேம்மா.”

அதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. மறுநாள் என் நாற்காலியில் வேறொரு பெண் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

5. சாவி

இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இரண்டு. ஒரு பாகத்துக்குப் பலம் கொடுக்கும்முன், அது இருந்த இடத்திலேயே இருக்கும்படி முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீங்கள் செய்ததை உங்கள் கையாலேயே உணர்ந்து பாருங்கள்.

முதலாவதற்காக அந்தக் கம்பியை, வெல்டு அடிக்கும்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஒழுங்கான ஜிக்காகச் செய்து ஷெட் சுவரில் மாட்டியிருக்கிறேன். இரண்டாவதற்காக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டேன்.

போன வாரம் புதுச்சேரியிலிருந்து இதே குறையோடு வந்த பச்சை நிற வண்டிக்கு வேலை முடிந்தது. தயாளன் அண்ணன் சாவியை என் பக்கம் நீட்டினார். பிறகு அவரே பக்கத்து சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். சர்வீஸ் ரோட்டில் வேகத்தடை வந்தது. நான் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் என் உள்ளங்கையில் லேசாகத் துடித்துவிட்டு அடங்கியது. வண்டி நேராகப் போனது.